லாக்கவானா நார்ப் லைனில் இருக்கிறார்

நார்பர்ட் க்ரூபா இறந்த மூன்றாம் நாள் மாலை, ஊரே ரேடியோவில் அவருக்காக அழுதது. அவர் மனைவி ஜென் அடுப்படியில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

பஃபலோவில் அமெரிக்க ஃபுட்பால் பார்க்கிற யாருக்கும் 'லாக்கவானா நார்ப்' தெரியும். இருபத்திரண்டு வருஷம், ஆட்டத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை நாலு பத்துக்கு ஸ்கிப் ஹாலரனின் ரேடியோ நிகழ்ச்சிக்கு ஃபோன் போட்டுவிடுவார். "லாக்கவானாவிலிருந்து நார்ப் லைனில் இருக்கிறார், பெல்ட்டை இறுக்கிக்கொள்ளுங்கள்" என்று ஸ்கிப் சொன்னதும், நார்ப் வேலை பார்த்த பிரேக் ஷூ தொழிற்சாலையில் சாயங்கால ஷிஃப்ட்காரர்கள் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்பார்களாம். கோச்சைத் திட்டுவார், டீம் முதலாளியைத் திட்டுவார், ஸ்கிப்பையும் விடமாட்டார். "உனக்கு ஆட்டம் தெரியாதுடா, வாய்தான் தெரியும்" என்பார். ஸ்கிப் சிரிப்பான்.

அந்த ஸ்கிப்தான் இப்போது குரல் கம்மப் பேசினான்.

"நார்ப் என் ஃபிரெண்டு. நேர்ல ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல. ஆனா என் ஃபிரெண்டு. இந்த ஒரு மணி நேரம் அவருக்குத்தான்."

ஒருவர் பின் ஒருவராக ரசிகர்கள் அழைத்தார்கள். நார்பைப் பற்றித் தொடங்கி, ஸ்கிப்பில் போய் முடித்தார்கள்.

"ஸ்கிப், உன்னைப் பத்தி நான் தப்பா நினைச்சிருந்தேன். காலை நிகழ்ச்சியில வர்றானே அந்த மார்வ், அவனா இருந்தா இதெல்லாம் செய்வானா? உனக்கு மனசு இருக்கு தலைவா."

"இந்த ஊருக்கு நீதான்யா வாய்!"

ஜென் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு ஃபோனை எடுத்தாள். நம்பர் அவளுக்கு மனப்பாடம். எடுத்த பெண் பதறிப்போனாள்.

"நார்போட வீட்டம்மாவா? ஐயோ மேடம், இதோ, உடனே போடறேன்."

"ஜென்!" என்றான் ஸ்கிப். "என்ன சொல்றதுன்னே தெரியல. நாங்க எல்லாரும் உங்களோட இருக்கோம்."

"ஸ்கிப், போன வருஷம் செப்டம்பர்ல நார்ப் பேசினப்ப அவருக்கு நாக்கு குழறிச்சு. ஞாபகம் இருக்கா? 'மத்தியானமே ஆரம்பிச்சாச்சா நார்ப்'னு கேட்டு, பீர் டப்பா திறக்கிற சத்தம் போட்டே. அவர் குடிச்சிருக்கல. அது வியாதி. அன்னிக்குத்தான் அது முதல்ல..."

லைன் செத்துப்போனது.

வேண்டாததை வெட்ட வசதியாக, ரேடியோவில் எதுவும் இருபது விநாடி தாமதமாகத்தான் வரும். அடுப்படி ரேடியோவில் இப்போதுதான் ஸ்கிப் அவளைப் பெயர் சொல்லி அழைத்தான். 'ஸ்கிப்' என்று அவள் குரல் ஒலித்தது. அந்த ஒரு சொல்லோடு நின்றது. உடனே ஸ்கிப்: "அழுகை தாங்கல, பாவம். லைன் கட்டாயிடுச்சு. ஜென், தெய்வம் உங்களுக்குத் துணையிருக்கட்டும். விளம்பரத்துக்கு அப்புறம் வர்றோம்."

அவள் திரும்பத் திரும்ப நம்பரைப் போட்டாள். யாரும் எடுக்கவில்லை.

அந்த செப்டம்பருக்குப் பிறகு நார்ப் நிகழ்ச்சிக்கு ஃபோன் செய்யவே இல்லை. திங்கட்கிழமை நாலு மணியானால் கராஜுக்குப் போய், காரில் உட்கார்ந்து கேட்பார். "ஏன் கூப்பிடல?" என்று ஜென் ஒருமுறை கேட்டாள். "எல்லாத்தையும் அவங்களே சொல்லிடறாங்க. புதுசா நான் என்ன சொல்றது?" என்றார். ஜனவரியில் டாக்டர் நரம்பு நோய் என்று சொல்லிவிட்டு, பேச்சு எப்போது குழற ஆரம்பித்தது என்று கேட்டார். ஜென் தேதியோடு சொன்னாள். கோடைக்குள் பேச்சு முழுதாகப் போய்விட்டது. சின்ன வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டுவார். 'ஸ்கிப் இன்னிக்கு சரியாச் சொன்னான்' என்றுகூட ஒருநாள் எழுதினார். அதைப் படித்துவிட்டு ஜென் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பியரோகி என்னும் போலிஷ் கொழுக்கட்டை, சாசேஜ், முட்டைக்கோஸ். டீமின் நீலமும் சிவப்புமாக ஒரு பெரிய மலர் வளையம் ரேடியோ நிலையத்திலிருந்து வந்திருந்தது. சவப்பெட்டியருகே நின்றவர்களைவிட அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் அதிகம்.

"மார்வ் வெறும் கத்தல்" என்றார் ஒருவர், வாயில் சாசேஜோடு. "ராத்திரி நிகழ்ச்சிப் பையனுக்குக் கணக்கு மட்டும்தான் தெரியும், ஆட்டம் தெரியாது. ஸ்கிப் ஒருத்தன்தான் நம்ம ஆளு."

"அந்த ஒரு மணி நேரம் கேட்டியா? நான் காரை ஓரமா நிறுத்திட்டு அழுதேன்."

ஜென் தட்டோடு நின்ற லென் மாட்டூசாக்கிடம் போனாள். நார்போடு முப்பது வருஷம் ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவர். இறந்த செய்தியை நிலையத்துக்குச் சொன்னதே அவர்தான்.

"லென், அவன் என்னைக் கட் பண்ணிட்டான். அழுகையில லைன் போகல. அந்த பீர் டப்பா விஷயத்தைச் சொன்னேன், கட் பண்ணிட்டான்."

லென் சுற்றுமுற்றும் பார்த்தார். "இப்ப எதுக்கு ஜென் அது? நார்புக்கு எவ்ளோ மரியாதை கிடைச்சிருக்கு பாரு. இந்த ஊர்ல மேயர் செத்தாக்கூட இப்படிப் பேச மாட்டாங்க. அதைப் போய்க் கெடுக்கணுமா?"

"அன்னிக்கு அவருக்கு அடுத்து லைன்ல வந்தது யாரு?"

லென் தட்டை மேஜையில் வைத்தார்.

"'நார்புக்கு ஞாயித்துக்கிழமை போதை இன்னும் இறங்கலடா ஸ்கிப்'னு சொன்னது யாரு? எனக்கு உன் குரல் தெரியாதா?"

"தமாஷுக்குச் சொன்னது." லென்னின் முகம் சிவந்துவிட்டது. "வியாதின்னு எனக்கு எப்படித் தெரியும்? யாருக்குத் தெரியும்? நானும் அவனும் ஒருத்தரை ஒருத்தர் ஓட்டறது புதுசா?"

"நீ ஓட்டினது ரெண்டு பேருக்கு நடுவுல இல்ல. ஊரு கேட்டுச்சு. என் வீட்டுப் பக்கம் வராதே லென்."

சாப்பாடு முடியுமுன்னே அவர் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மற்றவர்களிடமும் ஜென் சொல்லிப் பார்த்தாள். தலையசைத்தார்கள், தோளைத் தட்டினார்கள். துக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்தது அவர்கள் கண்ணிலேயே தெரிந்தது.

டிசம்பரில் அவளுக்கு வேறு தவிப்பு வந்தது. நார்பின் குரல் மறந்துகொண்டிருந்தது. கல்யாணம் நடந்த காலத்தில் வீடியோ எடுக்கவில்லை. வீட்டு ஃபோனில் பதிந்திருந்தது அவள் குரல். ஊருக்கெல்லாம் கேட்ட குரல், வீட்டில் ஒரு துளி இல்லை. வைராக்கியத்தை விழுங்கிக்கொண்டு நிலையத்துக்கே ஃபோன் போட்டாள். முன்பு லைன் கொடுத்த அதே பெண்தான் எடுத்தாள். தேடிப் பார்ப்பதாகச் சொன்னாள். ஒரு வாரம் கழித்து அவளே அழைத்தாள்.

"மேடம், பழசெல்லாம் வருஷத்துக்கு ஒருதரம் அழிச்சிடுவாங்க. ஒண்ணே ஒண்ணு இருக்கு. ஸ்கிப் சிரிப்புக்குன்னு தனியா எடுத்து வச்சது." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அனுப்பட்டுமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்க."

"அனுப்பும்மா."

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கேட்டாள். இரண்டு நிமிஷம் பத்து விநாடி. 'லாக்கவானா நார்ப் லைனில் இருக்கிறார்.' பிறகு அவர் குரல். கோச் ஏன் நாலாவது முயற்சியில் பந்தை உதைத்து விட்டுக்கொடுக்கச் சொன்னான் என்று நார்ப் கேட்கிறார். சொற்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்குகின்றன. டப்பா திறக்கும் சத்தம். ஸ்கிப்பின் சிரிப்பு. "நான் குடிக்கல ஸ்கிப்" என்கிறார் நார்ப். மறுபடியும் டப்பா.

சில விநாடி கழித்து நார்புக்குப் பின்னாலிருந்து, தூரத்தில், ஒரு பெண் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"மாட்டிக்கிட்டியா நார்ப்! கேட்டுக்கோ, ஊரே சொல்லுது!"

ஜென் நிறுத்திவிட்டு மறுபடி போட்டாள். சந்தேகமே இல்லை. அவள் குரல்தான். அடுப்படியில் ரேடியோ கேட்டுக்கொண்டு, ஏதோ வதக்கிக்கொண்டு நின்றிருப்பாள். சிரித்ததே நினைவில்லை. அன்றைக்கு நடந்த எல்லாவற்றையும் எண்ணி எண்ணி வைத்திருந்தவளுக்கு இது மட்டும் நினைவில்லை.

அந்தச் சிரிப்பைக் கேட்டதும் நார்ப் கோச் பேச்சை விட்டுவிட்டார். பிறகு, "சரி சரி, நான் வச்சிடறேன்" என்றார்.

ஸ்கிப் சொன்னபோது அவர் மறுத்துப் பேசியிருக்கிறார். அவள் சொன்ன பிறகுதான் வைத்தார்.

அன்று முழுக்க அவள் சமைக்கவில்லை. சாயங்காலம் அதை அழித்துவிடலாமென்று விரலைக் கொண்டுபோனாள். முடியவில்லை. அவர் குரல் என்று உலகத்தில் இருந்தது அது ஒன்றுதான்.

ஜனவரியில் உள்ளூர்ப் பத்திரிகை வாசகர்களிடம் ஓட்டு எடுத்து, ஊரின் சிறந்த விளையாட்டுப் பேச்சாளன் ஸ்கிப் ஹாலரன் என்று போட்டது. 'ஒரு சாதாரண ரசிகனுக்காக ஒரு மணி நேரம் அழுதவன்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதே வாரம் ஏரிப் பக்கமிருந்து வந்த பனி, வாசலை இடுப்புயரத்துக்கு மூடியது. திங்கட்கிழமை மத்தியானம் மண்வெட்டிச் சத்தம் கேட்டு ஜென் எட்டிப் பார்த்தாள். லென். கேட்காமலே வந்து வழி வெட்டிக்கொண்டிருந்தார். ஒன்றரை மணி நேரம் வெட்டினார், ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

அவள் கதவைத் திறந்தாள்.

"உள்ள வா லென். குளிருது."

அவர் வாசலிலேயே பூட்ஸைக் கழற்றினார். கண்ணில் நீர் கட்டியிருந்தது. "நீ மன்னிப்பேன்னு நான் நினைக்கல ஜென். தினமும் அதையேதான் நினைச்சுக்கிட்டிருந்தேன்."

மன்னிக்க அவளுக்கு என்ன தகுதி இருந்தது? அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காபியை ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

நாலு மணி ஆகியிருந்தது. லென்னின் கை பழக்கத்தில் ரேடியோவைத் திருகிவிட்டது. ஸ்கிப்பின் குரல் வந்ததும் பதறி, "அணைச்சிடட்டுமா?" என்றார்.

"இருக்கட்டும்."

டீமின் ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கை மாற்றவேண்டும் என்று ஸ்கிப் முழங்கிக்கொண்டிருந்தான். லென் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு கோப்பையை டக்கென்று வைத்தார்.

"இவனுக்கு ஆட்டத்தைப் பத்தி ஒரு மண்ணும் தெரியல ஜென். எப்பவுமே தெரிஞ்சதில்ல."

ஜென் அவர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.