கட்டிலுக்கு அடியில் போன தண்ணீர்

ராகலையில் இருக்கும் சின்னராசாவின் கராஜுக்குள் கிருஷாந்தி நுழைந்தபோது, அவள் ஓட்டிவந்த வேனின் எஞ்சினுக்கு அடியில் ஜாக்கி வைத்தாகிவிட்டது. இன்னும் நான்கு போல்ட்டைக் கழற்றினால் எஞ்சின் தரைக்கு வந்துவிடும்.

"கைய எடுங்கண்ணே," என்றாள்.

சின்னராசா குனிந்த வாக்கிலேயே தலையை மட்டும் நிமிர்த்திப் பார்த்தார். "என்ன தங்கச்சி, ஒன்ன வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்கன்னு சொன்னாங்களே?"

"நிப்பாட்டினாங்க. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

நான்கு நாட்களுக்கு முன், வலப்பனையிலிருந்து ஏறி வரும் வளைவுகளில் இந்த வேன் கொதித்துப்போய் நின்றது. முப்பது வருடத்துக்கு மேல் பழசு. எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்னால், நடுவில் சுற்றுலாப் பயணிகள் சமைத்துத் தூங்க அடுப்பும் கட்டிலும். அதில் வந்த வயதான வெள்ளைக்காரத் தம்பதி மழையில் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போனார்கள். மறுநாள் காலை, வேனின் சொந்தக்காரர், நுவரெலியாவில் லொட்ஜ் நடத்தும் யோகேஸ்வரன், சமையல்காரர்கள் எல்லோருக்கும் முன்னால் அவளிடமிருந்து சாவியைப் பிடுங்கினார். "தண்ணி பாக்காமயே ஓட்டியிருக்கா. பொம்பள கையில வண்டியக் குடுத்தது என் தப்பு."

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. லொட்ஜின் பேஸ்புக் பக்கத்தில், கவனக்குறைவான சாரதி கிருஷாந்தியை நீக்கிவிட்டோம் என்று பெயரோடு எழுதிப் போட்டார். வேலை கேட்டுப் போன இரண்டு ஹோட்டல்களிலும் அவளை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "போஸ்ட் பாத்தோம்" என்றார்கள், அவ்வளவுதான்.

தண்ணீர் குறைகிறது என்று மூன்று தடவை அவரிடம் சொன்னவள் அவள். "பழைய வண்டி குடிக்கத்தான் செய்யும், ஊத்திக்கிட்டு ஓட்டு" என்று மூன்று தடவையும் சொன்னவர் அவர். விருந்தாளிகள் எழும்புவதற்கு முன் தினமும், எஞ்சினைக் குளிர்விக்கும் பச்சைக் கூலண்ட் கலந்த தண்ணீர் ஒன்றரைப் போத்தல் ஊற்றினாள். அதை நினைக்க நினைக்க அவளுக்கு நெஞ்சு காந்தியது.

"ஹெட் கேஸ்கட் போயிருச்சு," என்றார் சின்னராசா, எஞ்சினுக்குள் தண்ணீர் புகாமல் அடைக்கும் தகட்டைச் சொல்லி. "எறக்காம ஒண்ணும் செய்ய ஏலாது."

"எப்படிச் சொல்றீங்க?"

"கீழ ஒரு சொட்டு ஒழுகல. தண்ணி மட்டும் கொறயுது. அப்ப எஞ்சினுக்குள்ளதான போகுது? வெள்ளப் பொகை வேற."

"ராகலைக் குளிர்ல காலைல எந்த வண்டியில வெள்ளப் பொகை வரல?"

அவள் எஞ்சின் எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிக் காட்டினாள். "உள்ள தண்ணி போனா இது பால் டீ மாதிரி இருக்கணும். பாருங்க." எண்ணெய் கறுப்பாக, தண்ணீர் கலக்காமல் இருந்தது. எஞ்சினின் நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்தாள். நான்கும் ஒரே நிறம். தண்ணீர் போகும் இடத்துப் பிளக் கழுவினது மாதிரி வெளுத்திருக்கும் என்பது சின்னராசாவுக்கும் தெரியும். அவர் தலையைச் சொறிந்தார்.

பையிலிருந்து கைப்பம்பை எடுத்தாள். உதிரிப்பாகக் கடை நஸார் கொடுத்தது. தண்ணீர்த் தாங்கியின் மூடி இருக்கும் இடத்தில் பொருத்திக் காற்றடித்தால், ஓடாத வண்டியிலும் சூடான வண்டியின் அழுத்தம் வரும். "ஊசி நின்னா குத்தமில்ல, எறங்கினா எங்கயோ போகுது. எங்கன்னு நீதான் புள்ள தேடணும்" என்று சொல்லிக் கொடுத்திருந்தார் நஸார் நானா.

காற்றடித்தாள். ஊசி ஏறியது. கொஞ்ச நேரத்தில் மெல்ல இறங்கியது. அடியில் படுத்து, முன்னுக்கும் பின்னுக்கும் ஓடும் நீளக் குழாய்களைக் கையால் தடவிக்கொண்டே போனாள். எல்லாம் காய்ந்து கிடந்தன.

"பாத்தியா," என்றார் சின்னராசா.

ஆத்திரத்தில் அவளுக்குக் கண் கலங்கியது. எழுந்து கதவைத் திறந்து உள்ளே ஏறினாள். அன்றைக்கு நல்ல வெயில். கராஜில் நின்ற மற்ற வண்டிகளின் கண்ணாடியெல்லாம் பளிச்சென்று இருக்க, இந்த வேனின் உட்பக்கத்தில் மட்டும் மங்கலாக ஒரு படலம். விரலால் தேய்த்தாள். வழுக்கியது. மூக்கில் வைத்தாள். கூலண்டின் இனிப்பு வாடை.

எத்தனை வாரமாக இதைத் துணியால் துடைத்துக்கொண்டு, மலைநாட்டுப் பனி என்று நினைத்தாள்! பனி ஈரம் எங்கே வழுக்கும்? தன் மேலேயே கோபம் வந்தது.

மெத்தையைப் புரட்டினாள். மேலே காய்ந்திருந்தது. அடிப்பக்கம் பச்சைத் தண்ணீரில் ஊறி நொதநொதத்துக் கிடந்தது. கட்டில் பலகையைக் கழற்றியதும், கீழே பின் இருக்கைக்குச் சூடு தரும் சின்ன ஹீட்டரும், எஞ்சினின் சுடுதண்ணீரை அதற்குக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸும் தெரிந்தன. ஹோஸின் நடுவில் ஓர் ஓட்டை. கழற்றிய பலகையைத் திரும்ப மேலே வைத்துப் பார்த்தாள்; அதன் அடியில் நீட்டிக்கொண்டிருந்த புதுத் திருகாணியின் முனை சரியாக அந்த இடத்துக்கு வந்தது.

"அண்ணே, இங்க வாங்க."

சின்னராசா எட்டிப் பார்த்தார். ஓட்டையில் விரலை வைத்துப் பார்த்தார். "யாரு அடிச்ச ஆணி?" என்று கேட்டார்.

அவளுக்குத் தெரியும். ரெண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம் என்று கட்டிலை அகலமாக்கி, டிரில் மெஷினோடு நின்று படம் பிடித்துப் போட்டவர் யோகேஸ்வரன். அதற்கு அடுத்த வாரம்தான் தண்ணீர் குறையத் தொடங்கியது.

எஞ்சின் இறங்கிவிட்டதா என்று பார்க்க யோகேஸ்வரன் வந்தார். கிருஷாந்தி பலகையை அவர் முன்னால் நீட்டினாள். அவர் ஆணியைப் பார்த்தார், ஹோஸைப் பார்த்தார், சிரிக்கப் பார்த்தார்.

"சரி விடு. கண்டுபிடிச்சாச்சு இல்ல. சின்னராசா, அத மாத்திடுங்க."

"எம் பேர யாரு சரிபண்றது முதலாளி?" என்றாள் அவள். குரல் உயர்ந்து கராஜ் வாசல் வரை கேட்டது. "மூணு தடவ சொன்னேன். ஊத்திக்கிட்டு ஓட்டுன்னீங்க. ஓட்டினேன். இப்ப ஊரெல்லாம் நான் கவனமில்லாதவளா? யாரு அடிச்ச ஆணின்னு அதே பக்கத்துல எழுதுங்க."

"அத இனி என்னத்துக்குக் கிளறணும்? நீ நாளைக்கே வேலைக்கு வந்துரு."

"எழுதுங்க."

யோகேஸ்வரன் சின்னராசாவைப் பார்த்தார். சின்னராசா கையைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு வேற வண்டி இருக்கு முதலாளி" என்று பக்கத்து லொறிக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டார்.

யோகேஸ்வரன் போனை எடுத்து எழுதிக் காட்டினார். அவள் வாசித்தாள். "சிறிய தொழில்நுட்பக் கோளாறு" என்று இருந்தது.

"கோளாறுக்குக் கை இருக்கா டிரில் பிடிக்க? அழிங்க. நீங்கன்னு எழுதுங்க."

அவர் காது சிவந்தது. அழித்துவிட்டு எழுதினார். கட்டிலுக்கு ஆணி அடித்தது தான்தான் என்றும், சாரதி முன்கூட்டியே எச்சரித்தார் என்றும். பதிவு போனது தெரிந்த பிறகுதான் அவள் ஸ்பானரைக் கையில் எடுத்தாள்.

புது ஹோஸ் போட்டு, கிளிப்பை இறுக்கி, கூலண்ட் ஊற்றி, முன்னால் ரேடியேட்டரில் சிக்கிய காற்றை வெளியேற்றி, திரும்பவும் பம்பைப் பொருத்தினாள். பத்து நிமிடம் ஊசி அசையவில்லை. யோகேஸ்வரன் சாவியை நீட்டினார்.

"வேணாம்," என்றாள். "வண்டி மேல எனக்குக் கோவமில்ல."

மறுநாள் மத்தியானம், அவளை உட்காரச் சொல்லாத ஹோட்டல்களில் ஒன்றின் மானேஜர் அழைத்தார். "கோவிச்சுக்காதீங்க தங்கச்சி, அந்தப் பதிவ அப்படியே நம்பிட்டோம்."

"கோவிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றாள் கிருஷாந்தி. "எத்தன மணிக்கு வரணும்னு சொல்லுங்க."