ஆவணிக்குத் தள்ளிப்போட்ட குளியலறை

துரைராஜின் இரண்டாவது குத்தும் வாயிலேயே விழுந்தது. வேதாசலம் பின்கட்டுச் சுவரில் சாய்ந்து ரத்தத்தைத் துப்பினான். கையை ஓங்கவில்லை. கூடத்துப் பெஞ்சில் அவர்களுடைய அப்பா பொன்னுரங்கத்தின் உடல் கிடந்தது. அதைக் குளிப்பாட்டத் தவலையில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்த தனம், குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து கொழுந்தனின் கையைப் பிடித்தாள். அவன் உதறிய வேகத்தில் தரையில் போய் விழுந்தாள்.

"சொல்லுடா. ஆறாயிரம் குடுத்தேனே, இன்னாடா பண்ண அத்த? பாத்ரூம் பாசியில வழுக்கி, மண்டை ஒடைஞ்சி, முக்கா மணி நேரம் உள்ளயே கெடந்து செத்துகீறாரு நைனா. துன்னுட்டியா?"

அடுத்த குத்து காதோரம் இறங்கியது.

போன மாதம், ஆனிக் கடைசியில், லாசரஸ் மேஸ்திரி டேப்பைப் பிடித்துக் குளியலறையை அளந்தார். உட்காருகிற மாதிரி வெஸ்டர்ன் டாய்லெட், சொரசொரப்பான தரை ஓடு, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி, கூலி எல்லாம் சேர்த்துப் பதினோராயிரத்து எண்ணூறு என்று எழுதிக் கொடுத்தார்.

"கம்பி இன்னாத்துக்கு மேஸ்திரி? பஸ்லயா போறேன்?" என்று பொன்னுரங்கம் சிரித்தார்.

பாதிப் பணத்தைத் துரைராஜ் மறைமலை நகர் கம்பெனியில் கடன் வாங்கிக் கொடுத்தான். திங்கட்கிழமையே உடைத்துவிடலாம் என்றார் மேஸ்திரி.

"அன்னிக்கு ஆடி பொறக்குது. ஆடியில வூட்ட இடிச்சா ஆவுமா? ஆவணியில வெச்சிக்கலாம்" என்றவள் தனம். வேதாசலம் மேஸ்திரியைத் திருப்பி அனுப்பினான். தம்பி கேட்டபோது, "நான்தாண்டா தள்ளிப்போட்டேன்" என்று மட்டும் சொன்னான்.

இன்று ஆடி பதினாறு.

பாடைக்கு வெட்டிப்போட்ட மூங்கிலில் ஒன்றைத் துரைராஜ் கையில் எடுத்தான். வேதாசலம் மனைவியைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தான். இத்தனை அடியும் எதற்காக வாங்குகிறான் என்று தனத்துக்கு அப்போதுதான் புரிந்தது. முருகா, என் வாயைத் திறந்துவிடு என்று வேண்டிக்கொண்டே எழுந்து குறுக்கே போனாள். மூங்கில் அவள் தோளில் இறங்கியது.

துரைராஜ் திகைத்து நின்றான்.

"ஆடி போவட்டும்னு சொன்னது நானு, தம்பி. உன் துட்டு பீரோவுல அப்டியே கீது. உங்க அண்ணன் மேல ஒண்ணும் இல்ல. அடிக்கறதுன்னா என்னை அடி."

தெருவில் பறை நின்று, மறுபடி தொடங்கியது. துக்கத்துக்கு வந்திருந்த லாசரஸ் மேஸ்திரி பின்கட்டுக்கு வந்து, துரைராஜின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மூங்கிலை வாங்கிக்கொண்டார்.

"தண்ணி ஊத்தணும்பா. எல்லாரும் காத்துகினு கீறாங்க."

தலைப்பக்கம் வேதாசலமும் கால்பக்கம் துரைராஜுமாக அப்பாவைத் தூக்கிவந்து பின்கட்டில் கிடத்தினார்கள். தனத்துக்கு வலது கை எழவில்லை. இடது கையாலேயே மொண்டு கொடுத்தாள். குனிந்து தண்ணீர் ஊற்றிய வேதாசலத்தின் உதட்டிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் அப்பாவின் மார்பில் விழுந்தது.

துரைராஜ் தோளிலிருந்த துண்டை நனைத்துப் பிழிந்தான். முதலில் அண்ணனின் உதட்டைத் துடைத்தான். பிறகு அப்பாவின் மார்பை.