பாப் கொஞ்சம் பிந்தி விழும்

"பூம்னா பெரிய டிரம். பாப்னா சின்ன டிரம். அந்த ரெண்டு சத்தமே பேராயிடுச்சு மேடம். பழைய ஹிப் ஹாப்பை பூம் பாப்னு சொல்றது அதனாலதான்" என்று கணவர் விளக்கிக்கொண்டிருந்தார். யாராவது தலையாட்டும்வரை இதைச் சொல்வார். தலையாட்டிவிட்டால் இன்னொரு தரம் சொல்வார். இந்த நாலு வரியை வைத்துத்தான் அவருக்கு நிபுணர் என்று பெயர்.

சைக்கிள் விளம்பரத்துக்கு இசை தேர்வு செய்ய வந்திருந்தவள், கட்டிலைத் தூக்கிவிட்டு ஸ்டூடியோ ஆக்கிய அந்த அறையில் பொறுமையாகத் தலையாட்டினாள். சுழல் நாற்காலியில் அவர். ஓரமாக பிளாஸ்டிக் ஸ்டூலில் மனைவி. தாளம் அவள் வாசித்தது, தட்டினால் டிரம் சத்தம் வரும் பேடில் விரலால் தட்டி. பூம் இடத்தில் விழும். பாப் ஒரு இமைப்பு பிந்தி விழும். கழுத்தை ஆட்ட வைப்பது அந்தப் பிந்தல்தான். இதுவரை எல்லாம் அவர் பெயரில் போனது. இது தேர்வானால் அவள் பெயரும் வரும் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

பாட்டு ஓடியது. பாப் எங்கேயும் பிந்தவில்லை என்றதும் மனைவி அவர் பக்கம் குனிந்தாள்.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?" என்றாள் மெதுவாக.

"அங்கங்க லேட்டா அடிச்சிருந்த. கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் நேரா நிறுத்திட்டேன்."

சுருட்டை முடிக்கு இஸ்திரி போட்டுவிட்டு வந்த பெருமை அந்த முகத்தில். இந்தக் காதை வைத்துக்கொண்டா மேடை மேடையாகப் பேசுகிறார்?

வந்தவள் உதட்டைப் பிதுக்கினாள். "உயிரே இல்லையே சார். வாஷிங் மெஷின் ஓடற மாதிரி இருக்கு."

"நான் வாசிக்கல மேடம். எல்லாம் வீட்டம்மா" என்றார் அவர் மூச்சு விடாமல். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவள் பெயரை, இனிஷியலோடு, கணீரென்று சொன்னார்.

வந்தவள் பையைத் தோளில் மாட்டினாள்.

"நான்தான் மேடம் வாசிச்சேன். நீங்க கேட்டது இவர் திருத்தினது. என்னோடதைக் கேளுங்க."

"மேடத்துக்கு நேரம் இருக்காதும்மா..."

"நீங்க எந்திரிங்க."

அந்தக் குரலில் அவர் எழுந்துவிட்டார். மனைவி அந்த நாற்காலியில் உட்கார்ந்து, பேடை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு தட்டத் தொடங்கினாள்.

பின்னால் நின்ற நிபுணர் ரசனையோடு கண்ணை மூடித் தலையை ஆட்டினார். ஒவ்வொரு முறையும் தலை முந்திக்கொண்டு இறங்கியது. பாப் அதற்குப் பிறகு வந்து விழுந்தது. பையைக் கழற்றாமலே நின்றவள் அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கால் நுனி மட்டும் பிந்தி, சரியாக, தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.