பத்தரைக்குள் ஒரு கையெழுத்து

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். ஒப்பந்தத்தோடு மனோஜ்குமார் வந்து சேர்ந்ததோ பத்தே காலுக்கு. கிரைண்டர் கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜர். யாரிடம் எந்த நேரத்தில் போய் நிற்க வேண்டும் என்று நன்றாகத் தெரிந்தவர். பதினாலு பக்கம், இரண்டு காப்பி.

"பத்தரைக்குள்ள போட்டுரலாமுங்களா?" என்று சிரித்தார்.

கணபதிப் பகுதியில் இருக்கும் அந்த லேத் பட்டறைக்கு வேலுமணியும் மகள் யுவஸ்ரீயும் பங்குதாரர்கள். பட்டறைக்காக ஒருவர் கையெழுத்துப் போட்டாலே இருவரையும் கட்டுப்படுத்தும். அது தெரிந்ததால் யுவஸ்ரீ படித்துப் பார்க்கக் கை நீட்டினாள். அப்பா அதற்குள் பேனாவைத் திறந்துவிட்டார். தங்கமான மனிதர்தான், நல்ல நேரம் போகிறது என்றால் மட்டும் கண்மண் தெரியாது. அதுவும் மூன்று மாதம் காத்திருந்து கிடைத்த தேங்காய்த் துருவி ஆர்டர்.

"படிச்சுப்போட்டுப் போடலாமுங்கப்பா."

"படிக்கறதுக்குள்ள நேரம் போயிருங் கண்ணு."

அவள் ஒரு காப்பியை எடுத்து மடமடவென்று புரட்டினாள். விலை, தேதி எல்லாம் பேசியபடியே இருந்தன. ஒன்பதாம் பக்கத்தில் நின்றாள். தேங்காய்த் துருவியின் அச்சும் வடிவமும் கம்பெனிக்கே சொந்தமாம். ஒப்பந்தம் முடிந்த பிறகும் பட்டறை அதை வேறு யாருக்கும் செய்யக் கூடாதாம். அப்பா ஆறு மாதம் அரத்தால் ராவி ராவி உருவாக்கிய அச்சு அது. அதை விட்டால் பட்டறைக்குப் பிழைப்பே இல்லை.

நிமிர்ந்தாள். இன்னொரு காப்பியின் மேல் பேனா இறங்கிக்கொண்டிருந்தது. எட்டி அப்பாவின் கையைப் பிடித்துவிட்டாள்.

வேலுமணிக்கு முகம் சிவந்துவிட்டது. வெளியாள் முன்னால் பெற்ற மகள் கையைப் பிடித்து நிறுத்துவதா! அவள் விடவில்லை. அந்தப் பத்தியைச் சத்தமாக வாசித்தாள். முடிக்கும்போது பத்தரை தாண்டியிருந்தது.

"நெசமாவே அப்படித்தானுங்களா?" என்றார் வேலுமணி.

"அது எல்லாத்துக்கும் போடறதுங்க. வேண்டாம்னா அடிச்சுரலாம்." மனோஜ்குமார் யுவஸ்ரீ கையிலிருந்த காப்பியை வாங்கிக் கோடு இழுத்து, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார்.

வேலுமணிக்கு உயிர் வந்தது. "அப்ப பன்னண்டுக்கு மேல போட்டுத் தாரனுங்க."

"உங்க காப்பிலயும் அடிச்சுக் குடுங்க சார்," என்றாள் யுவஸ்ரீ.

"அத ஆபீஸ்ல போயி அடிச்சுக்கறமுங்க. நீங்க கையெழுத்த மட்டும் போடுங்க."

ஒன்றில் அடித்து ஒன்றில் விட்டால், நாளைக்கு எது செல்லும் என்று கோர்ட்டில் அல்லவா போய் நிற்க வேண்டும்! யுவஸ்ரீ வாயைத் திறப்பதற்குள் வேலுமணி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"எடுத்துட்டுப் போங்க. எந்த நல்ல நேரத்துல வந்தாலுஞ் சரி, இதுல நான் கையெழுத்துப் போடமாட்டனுங்க."