வெட்டிக் கொடுத்த நான்கு மாத்திரைகள்

ஊதச் சொன்னார்கள். ஊதினான். கருவி பூஜ்யம் காட்டியது. போலீஸ்காரர் கருவியை உள்ளங்கையில் தட்டிவிட்டு மறுபடி நீட்டினார். மறுபடியும் பூஜ்யம்.

அவன் வண்டி மோதிய சைக்கிள்காரர் அதற்குள் இறந்திருந்தார். கடை திறக்கப் போய்க்கொண்டிருந்த தையல்காரர். காலை எட்டே கால் மணி. நேரான சாலை, நல்ல வெளிச்சம்.

அவன் ஒரு பேக்கரியின் ரொட்டி வண்டி ஓட்டுபவன். குடியை விட்டு நான்கு வருடம். அதனாலேயே பேக்கரி ஆட்கள் அவனைச் சாமியார் என்பார்கள்.

மூன்றாம் நாள் அவன் அண்ணன் வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"சாமியார் மறுபடி ஆரம்பிச்சுட்டாரான்னு கடைத்தெருவுல கேக்கறாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

"மெஷின்ல ஒண்ணும் வரலண்ணே."

"மெஷின யாருடா நம்பறான்? அப்ப நீ ஆடின ஆட்டத்தத்தான் நம்பறான்." தம்பி மனைவியின் பக்கம் திரும்பினார். "நீயாச்சும் சொல்லும்மா."

"அவர் குடிக்கல மாமா."

மாத்திரையைப் பற்றி மட்டும் அவள் சொல்லவில்லை.

மருந்துக் கடையில் அவளுக்குப் பதினோரு வருட வேலை. மாத்திரை அட்டையை வெட்டும்போது காலாவதித் தேதி உள்ள பக்கத்தைக் கடையில் வைத்துக்கொள்வார்கள். மீதியை விற்க அது வேண்டும். தூக்கம் வரும், வாகனம் ஓட்டக் கூடாது என்ற பொடி எழுத்தும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். வாங்குபவர் கைக்கு வெறும் வெள்ளித்தாள் போகும். அதனால் வாயால் சொல்லியாக வேண்டும். முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் அவள் சொல்லியிருக்கிறாள். சிலர் சலித்துக்கொள்வார்கள். இன்னொரு முறை சொல்வாள்.

அவனுக்கு ஒரு வாரமாக ஓயாத தும்மல். விபத்துக்கு முந்தின நாள் மாலை நான்கு மாத்திரைகளை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. திரும்பாமலே கையை மட்டும் நீட்டிக் கொடுத்தாள்.

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

அவ்வளவுதான் சொன்னாள்.

அண்ணன் போனதும் அவன் எதிரில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாயத் திறக்காத. உன் முதலாளி நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாரு."

"உங்களக் குடிகாரன்னு சொல்றாங்க."

"புதுசாவா சொல்றாங்க?"

அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

மறுநாள் அவனை வாக்குமூலத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவளும் கிளம்பினாள். அவன் தடுக்கவில்லை. வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். நான்தான் கொடுத்தேன். நான்தான் சொல்லவில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது.

இன்ஸ்பெக்டர் மாத்திரையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

"மருந்துக் கடையில வேலை பாக்கற. வீட்டு ஆளுக்குச் சொல்ல வேண்டாமாம்மா?"

"சொல்லியிருக்கணும் சார்."

நான்கு நாளில் முதல் முறையாக அவளுக்கு மூச்சு சீராக வந்தது. வேலை போனால் போகட்டும். பழி இடம் மாறிவிட்டது.

இன்ஸ்பெக்டர் அவனிடம் திரும்பினார்.

"தூக்கம் வந்தது உனக்குத் தெரிஞ்சுதா?"

இல்லை என்ற ஒரு சொல்லுக்காக அவள் காத்திருந்தாள்.

"தெரிஞ்சுது சார்."

மேசைக்கடியில் அவன் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"எப்ப?"

"ரெண்டாவது கடையில ரொட்டி இறக்கும்போதே கண்ணு சொக்குச்சு. மூஞ்சியக் கழுவிக்கிட்டேன். இன்னும் மூணு கடைதான, முடிச்சுட்டுப் படுத்துக்கலாம்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"ஒரு தடவ தலை தொங்கிடுச்சு. முழிச்சுக்கிட்டேன். ஓரங்கட்டலாம்னு தோணுச்சு சார். லேட்டானா சத்தம் போடுவாங்கன்னு விட்டுட்டேன்."

"சும்மா இருங்க," என்றாள் அவள், மெல்ல.

"அந்த மனுஷன் பொண்டாட்டிக்கு என்ன பதில் சொல்றது?" என்றான். இன்ஸ்பெக்டரிடம் அல்ல, அவளிடம்.

இன்ஸ்பெக்டர் பேனாவைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"இத எழுதினா உனக்குத்தான் கஷ்டம். தெரியுதா?"

"எழுதுங்க சார்."

அவர் முதலில் அவளுடைய தாளை அவள் பக்கம் தள்ளினார். எட்டு வரிகள்தான் இருந்தன. கீழே கையெழுத்துப் போட்டாள். அவனுடையது இரண்டாம் பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.