பதில் வரும்வரை தங்குபவர்

அரசு வேலைக்கான நேர்முகத் தேர்வில் ஒருவர் தோற்றுவிட்டால், எந்தக் கேள்வியில் தோற்றாரோ அதைக் கேட்ட அதிகாரி அவர் வீட்டுக்கு வந்து தங்குவார். உண்மையான பதில் வரும்வரை தங்குவார். அதுவரை அடுத்த தேர்வுக்குப் போக முடியாது. தாராபுரத்தில் சம்பத்தின் வீட்டுக்குத் தணிகாசலம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்து இறங்கினார், கையில் சூட்கேஸ், கக்கத்தில் சொந்தத் தலையணை. அந்தத் தெருவில் ஏற்கெனவே பல வீடுகளில் அதிகாரிகள் இருந்தார்கள். பால்காரர் யாரும் சொல்லாமலே அரை லிட்டர் சேர்த்து ஊற்றிவிட்டுப் போனார்.

"இந்த வேலை உங்களுக்கு ஏன் வேண்டும்?" என்பதுதான் சம்பத் தோற்ற கேள்வி. "மக்களுக்குச் சேவை செய்ய" என்று சொல்லியிருந்தான். பயிற்சி மையத்தில் பணம் வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுத்த பதில் அது. அன்று வந்த அத்தனை பேரும் அதையேதான் சொன்னார்கள். சொல்லும்போது குரல் தழுதழுத்தவர்களுக்கு வேலை கிடைத்தது. சம்பத்துக்கு அந்த நேரம் பார்த்துத் தும்மல் வந்துவிட்டது.

வயது வரம்பின்படி அவனுக்கு இன்னும் ஒரே ஒரு தேர்வுதான் பாக்கி. அதற்குள் பதில் சொல்லி இவரை வழியனுப்ப வேண்டும். முதல் வாரம் முழுக்க அவன் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். தணிகாசலம் தொந்தரவு செய்யவில்லை. அதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பேப்பர் படித்தார். தோற்றவர்கள் முதல் வாரம் சுவரைப் பார்ப்பது வழக்கம்தான் என்று ருக்குமணியிடம் ஆறுதலாகச் சொன்னார்.

ருக்குமணி சம்பத்தின் அம்மா. வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். அவளிடமும் அவர் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்.

"இன்னிக்குத் தேங்காய்ச் சட்னியை ஏன் தேர்ந்தெடுத்தீங்க?"

"தேங்கா இருந்துச்சுங்க."

தணிகாசலம் அசந்துபோனார். இவ்வளவு சுத்தமான பதிலை முப்பது வருட சர்வீஸில் கேட்டதில்லை என்றார். மகன் பக்கம் திரும்பி, "கவனிச்சீங்களா தம்பி?" என்றார்.

சம்பத்தும் முயற்சி செய்யாமல் இல்லை. குளித்துவிட்டு வந்து, "வேலைப் பாதுகாப்புங்க சார்" என்றான். அது பயிற்சி மையத்தின் இரண்டாவது பதில் என்றார் அவர். ஒருநாள் எரிச்சலில், "சம்பளத்துக்குத்தானுங்க, வேற எதுக்கு?" என்று கத்தினான். கோபத்தில் வருவது பாதிதான் உண்மை என்று சொல்லி, இன்னொரு இட்லி கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் இருந்தவரை அந்த வீட்டில் இட்லி மிஞ்சியதே இல்லை.

காங்கேயத்தில் பெரியப்பா மகளுக்குக் கல்யாணம் வந்தது. குடும்பத்தாரோடு தங்கும் அதிகாரியையும் அழைப்பதுதான் முறை என்பதால் தணிகாசலமும் வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினார். பந்தியில் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த மாமா, ஊர்ப்பட்ட சொந்தத்துக்கும் கேட்கும்படி ஆரம்பித்தார்.

"மாப்ள, இப்ப என்ன பண்றீங்?"

"பரீட்சைக்குப் படிச்சிட்டு இருக்கறனுங் மாமா. அதோட பக்கத்துல ஒரு நூல் மில்லுல, பகுதி நேரமா, கணக்கு..."

அவன் கணக்கைத் தாண்டுவதற்குள் மாமா பாயசத்தைத் தாண்டி மோருக்குப் போய்விட்டார். பக்கத்தில் இருந்த மாமாவின் மருமகன், தன்னையும் கேட்பார்கள் என்று காத்திருந்தவன், "தாலுகா ஆபீஸ்" என்றான். அவ்வளவுதான். அவன் இலையில் கேட்காமலே இன்னொரு ஜிலேபி விழுந்தது.

சம்பத் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டான். கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு நின்றான். அழுகை வந்தது. அவமானமாக இருந்தது. பத்து வருடமாக ஒவ்வொரு கல்யாணத்திலும் இதே அவமானம்தான்.

"ஒரே வார்த்தைல சொல்லி முடிக்கோணும்ங்க சார்" என்றான், பின்னாலேயே கை கழுவ வந்த தணிகாசலத்திடம். "என்ன பண்றேன்னு யாராச்சும் கேட்டா, அவங்க மூஞ்சி திரும்பறதுக்குள்ள சொல்லி முடிச்சிரோணும். அதுக்குத்தானுங்க எனக்கு இந்த வேலை."

தணிகாசலம் கையை உதறிக்கொண்டே, "சரியான பதில்" என்றார்.

மறுநாள் காலையில் சூட்கேஸைக் கட்டினார். ருக்குமணி வழிக்கு எலுமிச்சைச் சோறு கட்டிக் கொடுத்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது சம்பத் சும்மா ஒரு மரியாதைக்குக் கேட்டான்.

"சார், நீங்க இந்த வேலைக்கு ஏனுங்க வந்தீங்க?"

"மக்களுக்குச் சேவை..." என்று தொடங்கிய தணிகாசலம், பாதியில் நிறுத்தினார். இரண்டாவது செருப்பையும் மாட்டிக்கொண்டார். கேட்டவர் தோற்றவர் வீட்டில் போய்த் தங்க வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். தன் சேலம் வீட்டு விலாசத்தையும், எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்பதையும் அவரே பொறுமையாகச் சொன்னார். தான் உடன் வர முடியாது, பழனியில் ஒருவர் தோற்றுப்போய்க் காத்திருக்கிறார் என்று வருத்தம் தெரிவித்தார்.

சேலத்தில் கதவைத் திறந்தவர் அவர் மனைவி ஹேமலதா. சம்பத்தின் கக்கத்தில் இருந்த தலையணையைப் பார்த்ததும், "உள்ள வாங்க, செருப்ப ஓரமா விடுங்க" என்றார்.

ஹாலில் வரிசையாகப் பாய்கள் விரிக்கப்பட்டிருந்தன. ஈரோட்டுக்காரர், ஓசூர்க்காரர், அரூரிலிருந்து ஒரு பெண். தணிகாசலத்தை வழியனுப்பும்போது எல்லோரும் அதே மரியாதைக் கேள்வியைக் கேட்டவர்கள். நகர்ந்து சம்பத்துக்கு இடம் விட்டார்கள்.

"சார் எப்பங்க வீட்டுக்கு வருவாரு?"

"எங்க கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு தடவ வந்தாரு" என்றார் ஹேமலதா. "காபிக்குச் சக்கரை போடலாமா?"

பதிலுக்காகக் காத்திருப்பது அரசுப் பணிதான் என்பதால் மாதக் கடைசியில் சம்பளம் வந்தது, பொங்கலுக்குப் போனஸும் வந்தது. கடைசித் தேர்வு நடந்த அன்று சம்பத் பணியில் இருந்தான். ருக்குமணி போன் செய்தாள்.

"மாமா கேக்கறாரு கண்ணு, நீ என்ன பண்றேன்னு."

"கவர்மென்ட்டுன்னு சொல்லும்மா."

போனை வைத்துவிட்டுத் தன் பாயில் போய் உட்கார்ந்தான். ஈரோட்டுக்காரர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அவருடைய பாய் ஜன்னலோரம். அதற்குச் சீனியாரிட்டிப்படி யார் வர வேண்டும் என்று ஹாலில் பேச்சு நடந்துகொண்டிருந்தது.