மாத்திரை வேறு, மருந்து வேறு

காலையில் எழுந்தான். பல் தேய்த்தான். பாலைக் காய்ச்சி டீ போட்டான். ஒரு கப்பை அத்தையின் அறைவாசலில் இருந்த ஸ்டூல்மேல் வைத்து, தட்டால் மூடினான். தன்னுடையதை நின்றபடியே குடித்தான். சட்டையை இஸ்திரி போட்டான். அடையாள அட்டையை மாட்டிக்கொண்டான். கால்சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துப் பார்த்தான். திரும்பப் பையில் போட்டான். வாசலுக்கு வந்ததும் பையைத் தொட்டுப் பார்த்தான். கதவைச் சாத்துவதற்கு முன்னால் இன்னொரு தடவை.

அத்தை என்றால் அவன் மனைவியின் அம்மா. மகளின் காரியத்துக்கு வந்தவள், மாப்பிள்ளையைத் தனியாக விட்டுப் போக மனம் வராமல் தங்கிவிட்டாள். போகச் சொல்ல அவனுக்கும் வாய் வரவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஆளுக்கொரு பக்கம், பேசாமல் இருக்கப் பழகிக்கொண்டார்கள்.

பேச்சு என்று வந்தால் அது ஒன்றுதான். துக்கம் விசாரிக்க யார் வந்தாலும் அத்தை சொல்லுவாள்: "உயிர் போற அன்னிக்கும் என் நினைப்புதான் அவளுக்கு. அம்மாவை மருந்தை விடாம சாப்பிடச் சொல்லுன்னு சொல்லிட்டுப் போனா." சொல்லும்போது அவள் முகத்தில் துக்கத்துக்கு நடுவே ஒரு பெருமை எட்டிப்பார்க்கும். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அப்படி ஒன்றும் அவள் சொல்லவில்லை.

தலைவலி என்று அன்றைக்கு லீவு போட்டுப் படுத்திருந்தாள். சாயங்காலம் அவன் வந்து கதவைத் திறந்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தை அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "கடைசியா என்ன சொன்னா மாப்பிள்ளை? என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா?" பெற்றவளை வெறுங்கையோடு அனுப்ப முடியவில்லை. பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொல்லி மனைவி போனில் அம்மாவைத் திட்டுவது நினைவுக்கு வந்தது. வாயில் வந்ததைச் சொன்னான். "உங்களை மருந்தை விடாம சாப்பிடச் சொன்னா அத்தை."

ஒரு சொல்தான். அவன் 'மருந்து' என்றான்.

*

ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் துடைக்கும்போது, அவன் வாங்கிவைத்திருந்த பிரஷர் மாத்திரை அட்டை கையில் பட்டது. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

"அத்தை, மருந்து சாப்பிடறதில்லையா?"

"சாப்பிடாம? ரெண்டு வேளையும் தேன்ல குழைச்சுச் சாப்பிடறேனே."

"இது அப்படியே இருக்கே?"

"அது மாத்திரை." சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். "மருந்து இங்க இருக்கு."

தலையணைக்கு அடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். செங்கல் நிறத்தில் பொடி. பேர் இல்லை, தேதி இல்லை, உள்ளே என்ன என்று ஒரு வரி இல்லை. மூட்டுவலிக்கு அவள் ஊரில் ஒருவர் அரைத்துக் கொடுப்பது. அவரை எல்லோரும் கைராசிக்காரர் என்பார்கள். தீர்ந்தால் யார் மூலமாவது வந்துவிடும்.

அந்தப் பொடியை அவனுக்குத் தெரியும். அதை வைத்துத்தான் அம்மாவுக்கும் பெண்ணுக்கும் நித்தம் சண்டை. "பேர் சொல்லாதவன் குடுத்ததை வாயில போடாதம்மா. மருந்துன்னு வேற சொல்ற. அது கைராசி மண்ணு" என்பாள் அவள். அத்தையும் கொஞ்ச நாள் நிறுத்தியிருந்தாள்.

"விருந்தும் மருந்தும் மூணு நாள்னு நீங்கதானே சொல்வீங்க அத்தை?" என்றான். குரல் அவனுக்கே யாருடையதோ போல் கேட்டது.

"விருந்தாவும் மூணு நாளைக்கு மேல இருந்துட்டேன், மருந்தையும் விடலை. ரெண்டுக்கும் சேர்த்துத் துரத்திடுங்க." லேசாகச் சிரித்தாள். பிறகு பொட்டலத்தை மடித்துக்கொண்டே சொன்னாள். "நிறுத்தித்தான் வச்சிருந்தேன். அவ வாயாலேயே 'மருந்து'ன்னு சொல்லிட்டாளே! கடைசியில என் பக்கம் வந்துட்டா பாருங்க. அதுக்கப்புறம் ஒரு வேளைகூட விடலை."

*

அவன் வேலை செய்தது ஆயுர்வேத மருந்து தயாரிக்கும் ஒரு கம்பெனியின் சோதனைக்கூடத்தில். மூட்டையில் வரும் வேர், பட்டை, விதை எல்லாவற்றிலும் ஒரு பிடி அவன் மேசைக்கு வரும். சொன்ன மூலிகைதானா, பூஞ்சை உண்டா, ஈயம், பாதரசம், ஆர்சனிக் எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அவன் சரி என்றால்தான் மூட்டை உள்ளே போகும்.

அவனுக்கு மேலே ஒரு டாக்டரம்மா. ஆயுர்வேதமே படித்தவர். எதையும் லேசில் நம்பமாட்டார். கம்பெனியில் அவருக்கு 'சந்தேகம்' என்று பேர். அது தெரிந்தும் கோபப்படமாட்டார். "பேர் வச்சவனைப் பத்தியும் எனக்குச் சந்தேகம்தான்" என்பார். மூலிகை என்றால் கெடுதல் செய்யாது என்று யாராவது சொன்னால் போதும், "எட்டியும் மூலிகைதான். ஒரு கை அள்ளித் தின்னு பாரேன்" என்பார்.

குப்பியில் கொண்டுவந்த ஒரு ஸ்பூன் பொடியை அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"யார் செஞ்சது?"

"ஊர்ல ஒருத்தர். பேர் தெரியாது மேடம்."

"என்ன சேர்ந்திருக்கு? எப்ப அரைச்சது?"

"தெரியாது."

"அப்ப இது மருந்தில்லப்பா, வதந்தி. சரி, பாரு."

பொடியை எடை போட்டு, அமிலத்தில் கரைத்து, சூடாக்கி, ஆறவைத்து, வடிகட்டினான். உலோகத்தின் அளவைக் காட்டும் கருவியில் ஈயத்துக்கான விளக்கை மாட்டினான். முதலில் பொடி சேர்க்காத வெறும் அமிலத்தைக் கொடுத்தான். சுத்தம். பிறகு கரைசலைக் கொடுத்தான். எண் அளவுகோலைத் தாண்டி ஓடியது. நீர்க்கவைத்துக் கொடுத்தான். அப்போதும் தாண்டியது. தன் கைதான் பிசகியது என்று நினைத்து, கண்ணாடிச் சாமான் எல்லாவற்றையும் கழுவி மறுபடி முதலிலிருந்து செய்தான். பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்குள் இருக்க வேண்டியது ஆயிரக்கணக்கில் நின்றது.

டாக்டரம்மா திரையைப் பார்த்தார். கிண்டல் எதுவும் வரவில்லை.

"ஈயத்தைச் சுத்தி செஞ்சு, புடம் போட்டு, பஸ்பமாக்கற முறை எங்க நூல்லயே இருக்கு. அதுக்குப் பக்குவம் இருக்கு, சோதனை இருக்கு, அளவு இருக்கு. குடுத்துட்டு நோயாளியைக் கவனிக்க ஒரு டாக்டரும் இருக்கணும். இதுல என்ன இருக்கு? ஒரு பொட்டலம்." பிறகு கேட்டார். "யார் சாப்பிடறாங்க?"

"அத்தை."

"வயித்து வலி இருக்கா? கையில பலம் குறைஞ்சிருக்கா?"

அத்தையின் கையிலிருந்து டம்ளர் நழுவி விழுந்ததை நினைத்துப் பார்த்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்ததை நினைத்துப் பார்த்தான். எல்லாவற்றையும் துக்கம் என்றே எடுத்துக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் எதுவும் வேறு மாதிரித் தெரிவதில்லை.

"இன்னிக்கே நிறுத்து. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் ரத்தத்துல ஈயம் பாரு. அந்த ஆளைப் பத்தி அதிகாரிங்ககிட்ட நான் பேசறேன். முதல்ல வீட்டைப் பாரு."

*

அத்தை சமையலறையில் தேன் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தாள். அவன் ஸ்பூனை அவள் கையிலிருந்து வாங்கினான். அவளைத் தொட்டுப் பேசும் வழக்கம் அவனுக்கு இல்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுல ஈயம் இருக்கு அத்தை. நானே சோதிச்சேன், ரெண்டு தடவை. இனி சாப்பிடக் கூடாது."

"வேரும் தழையும் அரைச்சது. ஈயம் எங்கேர்ந்து வரும்?"

"வந்திருக்கு. உங்க வயித்து வலி அதனாலதான் இருக்கும். இப்படியே விட்டா கை விழும், ரத்தம் கெடும்."

"கெட்டா கெடட்டும். நான் இருந்து எந்தக் கோட்டையைக் கட்டப்போறேன்? மாப்பிள்ளை, நீங்க படிச்சவங்க, சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா அவ சொன்னது இது ஒண்ணுதான் என்கிட்ட இருக்கு. நான் விடமாட்டேன்." ஸ்பூனுக்காகக் கையை நீட்டினாள்.

எந்த மூட்டையையும் 'தேறாது' என்று சொல்ல அவன் ஒருநாளும் தயங்கியதில்லை. இதைச் சொல்ல ஸ்பூனைக் கீழே வைக்க வேண்டியிருந்தது.

"அவ சொல்லலை அத்தை."

"எது?"

"மருந்து சாப்பிடச் சொல்லுன்னு அவ சொல்லலை. நீங்க கேட்டீங்க. நானா சொன்னேன். மாத்திரையை நினைச்சுக்கிட்டுத்தான் மருந்துன்னு சொன்னேன். இந்தப் பொடியை அவ ஒருநாளும் மருந்துன்னு சொன்னதில்ல. உங்களுக்கே தெரியும்."

தேன் பாட்டிலின் மூடியை அவள் திருகினாள். புரி சேரவில்லை. எடுத்து மறுபடி திருகினாள்.

"மண்ணுன்னுதான் சொல்வா" என்றாள் கடைசியில். அழவில்லை. "என் பக்கம் வரவே இல்லையா?"

"இல்ல அத்தை."

"என்னைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையா?"

"அன்னிக்கு ஒண்ணும் சொல்லலை."

பொட்டலத்தை அவள் அவன் பக்கம் நகர்த்தினாள். தூக்கிக் கொடுக்கவில்லை, விரலால் தள்ளினாள். அவன் எடுத்துக்கொண்டான். அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. அவன் கை தானாகப் போய் அணைத்தது.

"நிஜமா என்னதான் சொன்னா? இட்டுக்கட்டாம சொல்லுங்க. எதுவா இருந்தாலும் பரவால்ல."

அவன் கால்சட்டைப் பையைத் தொட்டான்.

"நான் செருப்பு மாட்டிக்கிட்டிருந்தேன். அவ கண்ணைக்கூடத் திறக்கலை. போர்வைக்குள்ளேர்ந்தே சொன்னா: 'சாவி எடுத்துட்டியா? நான் எழுந்து வந்து கதவைத் திறக்க மாட்டேன், சொல்லிட்டேன்.'"